காமிரா தானே தீர்மானிக்கலாமா?

நவம்பர் மாதத்துக் காலை வேளைகளில் தில்லி விஜய் சௌக்கில் நின்று கிழக்கே நோக்குவோருக்கு, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள இந்தியா கேட் என்னும் நினைவு வளைவு சில நாட்களில் தென்படுவதே இல்லை. தென்படும் நாட்களிலும் பழுப்புத் திரையொன்றின் பின்னால் வரைந்த கோட்டுச் சித்திரம் போலவே அது நிற்கும். அங்கு வரும் பார்வையாளர் ஒருவர் தம் கைப்பேசியை எடுத்து ஒரு படம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் வானம் வெறும் சாம்பல் நிறமாக இருக்கிறது. வளைவின் விளிம்புகள் கண்ணுக்குத் தெரிந்ததைவிடக் கூர்மையாக இருக்கின்றன. இருபுறத்துப் புல்தரையும் மழைக்காலத்தில் இருந்ததுபோல் பசுமை காட்டுகிறது. கண் கண்டதும் காமிரா கண்டதும் ஒன்றாக இல்லை. இவற்றுள் எதை நம்புவது?

பொழுதுபோக்குக்காகப் படம் பிடிப்பவர்களுக்கு இக்கேள்வி அவ்வளவு முக்கியமன்று. ஆனால் பயிரில் தோன்றிய நோயைப் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பும் விவசாய அலுவலர், ஏரிக்கரையின் உடைப்பைப் பதிவு செய்யும் பொறியியல் ஊழியர், காட்டுப் பாதையில் காலடித் தடத்தைப் பதிவு செய்யும் வனக் காவலர், வகுப்பில் நடந்த சோதனையின் முடிவைப் படமாக்கி வைக்கும் ஆசிரியர் ஆகியோருக்குப் புகைப்படம் ஓர் அழகுப் பொருள் அன்று, அது சாட்சி. அச்சாட்சிக்குக் கேட்பவர் மனம் மகிழும்படி சற்றே மாற்றிச் சொல்லும் பழக்கம் இருக்குமானால், அதனை அழைத்துச் சென்றவர் அதை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம் அன்றோ?

இக்காலக் காமிராக்களில் தானியங்கி ஏற்பாடுகள் அளவுக்கு மிஞ்சிவிட்டனவா என்று பலரும் கேட்கின்றனர். இதனை எண்ணிக்கையைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொள்வதில் பயனில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஏற்பாடுகள் எத்தனை என்பதைவிட, அவை எதனைச் செய்கின்றன, செய்ததை நமக்குத் தெரிவிக்கின்றனவா, வேண்டாதபோது அவற்றை நிறுத்திவைக்க இயலுமா என்பனவே கவனிக்கத் தக்கவை. 'தானியங்கி' என்னும் தமிழ்ச் சொல்லேகூட நம்மைச் சிறிது ஏமாற்றுகிறது. காமிரா எதையும் தானாகத் தீர்மானிப்பதில்லை. எங்கோ ஓர் ஆலையில், எவரோ சிலர், சாதாரண மனிதர் எத்தகைய படத்தை விரும்புவார் என்று ஊகித்து முன்னரே எழுதிவைத்த தீர்மானங்களையே அது நிறைவேற்றுகிறது.

கையால் இயக்கிய காலம்

எல்லாத் தீர்மானங்களையும் மனிதரே செய்த காலத்துக்குத் தில்லியிலேயே நல்ல உதாரணம் உண்டு. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா அம்மையார் (1913–2012) 1942-இல் தில்லிக்கு வந்து, 1970-இல் தொழிலைக் கைவிடும்வரை இந்நகரில் பணியாற்றினார். 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் தேசியக் கொடி ஏறியதும், மவுண்ட்பேட்டன் பிரபு நாட்டைவிட்டுப் புறப்பட்டதும், காந்தியடிகளின் இறுதி யாத்திரையும் அவருடைய காமிராவில் பதிவாயின. 2011-இல் அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கப்பெற்றது. அவர் உபயோகித்த கருவிகளுள் ரோலிஃபிளெக்ஸ், ஸ்பீட் கிராஃபிக் ஆகிய இரண்டும் அடங்கும்.

ஸ்பீட் கிராஃபிக் என்பது பத்திரிகைக்காரர்கள் தோளில் சுமந்து திரிந்த பெரிய பெட்டிக் காமிரா. அதில் சுருள் பிலிமுக்குப் பதிலாக 4 அங்குலத்துக்கு 5 அங்குல அளவுள்ள பிலிம் தாள்களை இடுவதே வழக்கம். ஒரு சட்டத்தின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு தாளாக இரண்டு தாள்கள் இருக்கும். சட்டத்தைக் காமிராவின் பின்புறம் செருகி, வெளிச்சம் படாமல் காக்கும் தகட்டை உருவிவிட வேண்டும். பொருள் இருக்கும் தூரத்தை மதிப்பிட்டு லென்ஸை நகர்த்த வேண்டும். வெளிச்சத்தைக் கணித்து, லென்ஸின் துவாரத்தை எவ்வளவு திறப்பது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பவற்றை அமைக்க வேண்டும். ஷட்டரை இழுத்து ஆயத்தப்படுத்த வேண்டும். இருட்டறையானால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புதிய மின்வெட்டு விளக்கைப் பொருத்த வேண்டும். இத்தனையும் முடியும்வரை பிரதம மந்திரியோ வெளிநாட்டு விருந்தினரோ காத்திருக்க மாட்டார்கள்!

அக்காலத்தைப் புகழ்ந்து பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தகட்டை உருவ மறந்ததால் ஒன்றுமே பதியாத தாள்களும், ஒரே தாளில் இரு படங்கள் விழுந்து பாழானவையும், வெளிச்சக் கணக்குத் தப்பிக் கருகிப் போனவையும் காட்சிச் சாலைகளில் வைக்கப்படுவதில்லை. நாம் இன்று காண்பவை பிழைத்து வந்த படங்கள் மட்டுமே. கைமுறை சிறந்தது என்னும் எண்ணத்தில் ஒரு பகுதி இத்தேர்வினால் வந்த மயக்கம்.

ஆயினும் அம்முறைக்கு ஒரு குணம் இருந்தது. படம் இருண்டிருந்தால் ஏன் இருண்டது என்பது எடுத்தவருக்குத் தெரியும். ஒவ்வொரு தவறும் அவருடைய தவறு; ஆகவே அடுத்த முறை திருத்திக்கொள்ளக்கூடிய தவறு. சென்னையைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளையும் பிற விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துப் புகழ் பெற்றவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். கடைகளில் கிடைத்த காமிராக்கள் தம் காரியத்துக்குப் போதாமையால், பல கருவிகளின் பாகங்களை ஒன்றுசேர்த்துத் தாமே ஒரு காமிராவை அமைத்துக்கொண்டு, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார். தம் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் இருந்திருக்க முடியாது.

எளிமையாக்கும் முயற்சியும் மிகப் பழையதே. 1888-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடக் காமிராவில் பொத்தானை அழுத்துவது ஒன்றே வாங்கியவரின் வேலை. 100 படங்கள் எடுத்து முடிந்ததும் காமிராவையே நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். வெளிச்சத்துக்குத் தக்கபடி துவாரத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் காமிரா 1938-இல் வந்தது. தானே குவியப்படுத்திக்கொள்ளும் காமிரா 1977-இல் பொதுமக்களின் கைக்கு எட்டியது. நம் நாட்டில் பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் காமிராவைப் பெரியவர்கள் பலர் நினைவு வைத்திருப்பர். வெயிலுக்கு ஒன்று, மேகமூட்டத்துக்கு ஒன்று என அதில் அடையாளங்கள் இருந்தன. தீர்மானத்தை மிகவும் எளிமையாக்கினாலும், அதை மனிதரிடமே விட்டுவைத்த கருவி அது. அதற்கான பிலிம்களுள் சில உதகமண்டலத்தில் உருவாயின. 1960-இல் நிறுவப்பெற்று 1967-இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிம்களே அவை. அந்த ஆலை இன்று இல்லை.

வெளிச்சமானி ஏமாறும் விதம்

காமிராவின் முதல் தீர்மானம் வெளிச்சத்தைப் பற்றியது. இதனை ஆசிரியர்கள் எவ்விதச் செலவுமின்றி வகுப்பறையில் நிரூபித்துக் காட்டலாம். சலவை செய்த வெள்ளை வேட்டி ஒன்று, கறுப்புக் குடைத் துணி ஒன்று, சாம்பல் நிறப் பலகை ஒன்று ஆகிய மூன்றையும் ஒரே வெளிச்சத்தில் வையுங்கள். ஒவ்வொன்றும் சட்டம் முழுவதையும் நிரப்புமாறு மிக அருகிலிருந்து தனித்தனியே படம் எடுங்கள். மூன்று படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாக இருக்கக் காணலாம்.

காரணம் எளிது. காமிராவில் உள்ள வெளிச்சமானி, பொருளின் மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அளப்பதில்லை. பொருளிலிருந்து எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்பதையே அளக்கிறது. உலகத்துக் காட்சிகள் சராசரியாகத் தம்மீது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் என்னும் அனுமானத்தின் மேல் அது அமைந்துள்ளது. வேட்டி 80 சதவீதம் அளவுக்குத் திருப்பியனுப்பும்போது, 'வெளிச்சம் மிகுதி' என்று எண்ணிக் காமிரா தன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. குடைத்துணியைக் கண்டதும் 'வெளிச்சம் போதாது' என்று விரித்துக்கொள்கிறது. வேட்டி அழுக்காகவும் குடை நரைத்தும் தோன்றுகின்றன. வயலில் நிற்கும் கொக்கையும் குட்டையில் கிடக்கும் எருமையையும் படம் எடுத்தவர்கள் இதனை அநுபவத்தில் அறிவர்.

இதில் ஒரு சங்கடமான விஷயம் அடங்கியிருக்கிறது. சுண்ணாம்பு பூசிய பள்ளிச் சுவரின் முன் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்கிறோம். சுவரின் வெண்மையால் காமிரா வெளிச்சத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடக்கூடும். அப்போது கருநிற முகங்களில் கண்ணும் மூக்கும்கூடத் தெளிவாகத் தெரியாமல் போகின்றன. இது நம் ஊர் வெயிலின் குற்றம் என்றே வெகுகாலம் எண்ணி வந்தோம். உண்மையில், வண்ணப் பிலிம் காலத்தில் மேலைநாட்டு ஆய்வுக்கூடங்கள் நிறங்களைச் சரிபார்க்க உபயோகித்த மாதிரிப் படங்களில் வெள்ளை நிறப் பெண்மணி ஒருவரே இருந்தார்; பல நிறத்தவரும் இடம்பெற்ற மாதிரி அட்டைகள் பின்னாட்களில்தான் வந்தன. 'சாதாரண முகம்' என்பது எது என்னும் தீர்மானம் எங்கோ செய்யப்பட்டு, நம் கைக்கு வந்து சேர்ந்த கருவிக்குள் மறைந்திருந்தது.

இக்காலக் கைப்பேசிகள் சட்டத்துக்குள் மனித முகம் இருப்பதைக் கண்டறிந்து அதற்கேற்ப வெளிச்சத்தை அமைத்துக்கொள்கின்றன. இது நல்ல முன்னேற்றமே. ஆனால் அதே மூச்சில் பல கைப்பேசிகள் இன்னொன்றையும் செய்கின்றன. அழகுபடுத்தும் ஏற்பாடு ஒன்று தோலின் வடுக்களையும் புள்ளிகளையும் அழித்து, நிறத்தையும் சற்று வெளுப்பாக்கிவிடுகிறது. திருமணப் படத்தில் இதனால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளிச் சுகாதாரப் பரிசோதனையின்போது குழந்தையின் கன்னத்தில் உள்ள வெளிறிய படை ஒன்றைப் படமெடுத்து மருத்துவரின் கருத்துக்கு அனுப்புகிறோம் என்று கொள்வோம். உணர்ச்சியற்ற வெளிறிய படை தொழுநோயின் ஆரம்ப அறிகுறியாக இருக்கக்கூடும் என்பது சுகாதார ஊழியர் அனைவரும் அறிந்தது. காமிரா அதனை ஒரு குறை என்று கருதித் துடைத்துவிட்டால், மருத்துவர் நல்ல ஆரோக்கியமான குழந்தையைக் காண்கிறார்.

நிறத்தைத் 'திருத்துதல்'

இரண்டாவது தீர்மானம் நிறத்தைப் பற்றியது. விஜய் சௌக்கில் நாம் விட்டுவந்த புதிரும் இதுவே. மஞ்சள் விளக்கொளியில் வைத்த வெள்ளைக் காகிதமும் நம் கண்ணுக்கு வெள்ளையாகவே தோன்றும். மூளை விளக்கின் மஞ்சளைக் கழித்துவிடுவதே காரணம். காமிராவும் அவ்வாறே செய்யக் கற்பிக்கப்பட்டுள்ளது. இதற்குரிய மிகப் பழைய முறை, காட்சியில் உள்ள நிறங்கள் யாவற்றையும் கூட்டிச் சராசரி கண்டால் நடுநிலையான சாம்பல் நிறமே கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது. சராசரி மஞ்சளாக வந்தால், மஞ்சள் என்பது விளக்கின் குற்றம் என்று கருதி அதனை நீக்கிவிடும். இப்போதைய கைப்பேசிகள் இதைவிட நுட்பமான முறைகளைக் கையாண்டாலும் நோக்கம் ஒன்றுதான்.

தில்லியின் பனிக்காலப் புகைமூட்டத்தில் பழுப்பு விளக்கினின்று வருவதன்று, காற்றிலேயே இருக்கிறது. புகைத் துகள்கள் சில நீல ஒளியை மிகுதியாக விழுங்குவதால் எஞ்சுவது மஞ்சளும் பழுப்பும். எது விளக்கின் நிறம், எது காற்றின் நிறம் என்று பிரித்தறிய வழியில்லாத காமிரா, சராசரி ஒன்றையே கண்டு பழுப்பைக் கழித்துவிடுகிறது. தொலைப் பொருள்களின் மங்கலைக் கண்டு அவற்றின் ஒளி நிழல் வேறுபாட்டையும் மிகைப்படுத்துகிறது. இவ்வாறு மாசின் அடையாளங்கள் இரண்டும் ஒருங்கே மறைகின்றன. 2020 செப்டம்பர் 9-ஆம் நாள் கலிபோர்னியாவின் காட்டுத்தீயால் சான்பிரான்சிஸ்கோ நகரத்து வானம் முழுவதும் ஆரஞ்சு நிறமானபோது, மக்கள் எடுத்த கைப்பேசிப் படங்கள் பலவற்றில் வானம் சாதாரண மேகமூட்டம் போல் சாம்பல் நிறமாகவே வந்தது. வெண்மையை நிர்ணயிக்கும் ஏற்பாட்டைக் கையால் அமைத்தவர்களுக்கே கண் கண்ட நிறம் கிட்டியது.

இதே தில்லியில், இதே மூட்டத்தை நோக்கும் வேறொரு தானியங்கிக் கருவி உண்டு. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் உருவாக்கிய 'திருஷ்டி' என்னும் கருவி இந்திரா காந்தி விமான நிலையத்தின் ஓடுபாதை ஓரத்தில் நின்று, ஒரு முனையிலிருந்து அனுப்பிய ஒளியில் எவ்வளவு மறுமுனைக்கு வந்து சேருகிறது என்பதை இடைவிடாமல் அளக்கிறது. அதனை எவரும் அருகில் நின்று இயக்குவதில்லை. ஆனால் அனுப்பிய ஒளி எவ்வளவு என்பது அதற்குத் தெரியும். பார்ப்பவருக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்னும் கவலையும் அதற்கு இல்லை. விமானம் இறங்கலாமா என்பதை அறிவதற்கு இக்கருவியின் எண்ணே வேண்டும். அழகாக்கப்பட்ட காட்சி அங்கு உதவாது.

விவசாயத் துறையினருக்கு நிறம் இன்னும் நெருங்கிய விஷயம். நெற்பயிரின் இலை வெளிர் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறுவது தழைச்சத்துக் குறைவைக் காட்டும். இதற்கென்றே பல்வேறு பச்சை நிறப் பட்டைகளைக் கொண்ட இலை வண்ண அட்டை பல்லாண்டுகளாக உபயோகத்தில் உள்ளது. மஞ்சளடைந்த இலை சட்டம் முழுவதையும் நிரப்புமாறு அருகில் சென்று படம் எடுத்தால், காமிரா அம்மஞ்சளை வெளிச்சத்தின் குற்றமாகக் கொண்டு குறைத்துக் காட்டக்கூடும். படத்தை மட்டும் நம்பி ஆலோசனை கூறும் நிபுணர் யூரியா தேவையில்லை என்று எழுதிவிடலாம். மண் ஆய்வாளர்கள் இவ்விஷயத்தில் நம்மைவிட விவேகமுள்ளவர்கள். மண்ணின் நிறத்தை மன்செல் வண்ணப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எண்ணாகவும் எழுத்தாகவும் குறித்துவிடுகின்றனர்.

காட்டில் மறைந்திருக்கும் காமிரா

இதுவரை கூறியவற்றைக் கொண்டு தானியங்கி முறை யாவும் தீயது என்று முடிவு கட்டுதல் தவறாகும். 1920-களில் ஐக்கிய மாகாணத்து வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடமாடும் பாதையில் மெல்லிய கம்பியைக் கட்டி, புலியே அதை இடறித் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளுமாறு செய்தார். காமிராவின் அருகே மனிதர் எவரும் இல்லை. அம்முறையின் வழித்தோன்றல்களே இன்றைய கண்காணிப்புக் காமிராக்கள்.

தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனமும் நடத்திய 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 141 பகுதிகளில் 26,838 இடங்களில் இக்காமிராக்கள் வைக்கப்பெற்றன. கிடைத்த படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலிகள் இருந்தவை 76,651. சிறுத்தைகள் இருந்தவை 51,777. ஒவ்வொரு புலியின் வரிகளும் மனிதரின் விரல்ரேகை போல் தனித்தன்மை உடையவை. அவ்வரிகளைக் கணிப்பொறியின் துணையுடன் ஒப்பிட்டு 2,461 புலிகள் தனித்தனியே அடையாளம் காணப்பட்டன. மூன்றரைக் கோடி முறை பொத்தானை அழுத்துவதற்கு எத்தனை ஊழியர்கள் மரத்தின்மேல் அமர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்குத் தானியங்கி ஏற்பாடு எதைச் செய்கிறது? உடலின் வெப்பத்தையும் அசைவையும் உணர்கிறது, ஷட்டரைத் திறக்கிறது, நாளையும் நேரத்தையும் குறிக்கிறது. மனிதரின் கைக்கும் பொறுமைக்கும் பதிலாக அது உழைக்கிறது. புலியின் விலாவில் இல்லாத வரி ஒன்றை அது வரைவதில்லை. வரைந்தால் கணக்கே பொய்த்துவிடும். கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தில் வீடு எழும்பும் ஒவ்வொரு கட்டத்திலும் இடக்குறிப்புடன் படம் எடுக்கும் ஊழியர்களுக்கும் இத்தகைய உதவியே கிடைக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையால் எழுதும்போது நேரும் பிழைகளை அறிந்தவர் எவரும் இவ்வேற்பாட்டைக் குறை கூறார்.

இல்லாததைச் சேர்த்தல்

கவலைக்குரிய எல்லை இதற்கப்பால் தொடங்குகிறது. 2023 மார்ச்சில், சாம்சங் நிறுவனத்தின் கைப்பேசி ஒன்றை வைத்திருந்த ஒருவர் ஒரு சோதனை செய்தார். சந்திரனின் படம் ஒன்றை விவரங்கள் யாவும் அழியும்படி வேண்டுமென்றே மங்கலாக்கி, அதனைக் கணிப்பொறித் திரையில் காட்டி, இருட்டறையில் தூரத்தே நின்று அக்கைப்பேசியால் படம் பிடித்தார். கிடைத்த படத்தில் மங்கலான உருவத்தில் இல்லாத பள்ளங்களும் சமவெளிகளும் தென்பட்டன. காட்சியில் இருப்பது சந்திரன் என்று உணர்ந்தவுடன், முன்னமே பல சந்திரப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட நிரல் ஒன்று விவரங்களைத் தெளிவாக்குகிறது என்று நிறுவனமும் விளக்கம் அளித்தது. அந்த ஏற்பாட்டை உபயோகிப்பவர் நிறுத்திவைக்கவும் இயலும் என்பதையும் இங்குக் கூறவேண்டும். நிறுத்த வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும் என்பது வேறு விஷயம்.

அதே ஆண்டின் இறுதியில் வந்த கூகிள் கைப்பேசி ஒன்று, தொடர்ந்து எடுத்த பல குழுப் படங்களிலிருந்து ஒவ்வொருவருடைய நல்ல முகத்தையும் தேர்ந்து ஒரே படமாகச் சேர்த்துத் தரும் வசதியுடன் வெளிவந்தது. வகுப்புப் படத்தில் கண் மூடிய மாணவனைப் பற்றி இனி ஆசிரியர் வருந்த வேண்டியதில்லை. ஆனால் அவ்வாறு எல்லோரும் ஒருசேரச் சிரித்த கணம் ஒன்று நிகழவே இல்லை.

சந்திரனின் முகம் நமக்குத் தெரிந்தது. ஆகவே சேர்க்கப்பட்டது உண்மையோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. வெளிச்சமானி ஏமாறினால் படம் இருண்டுபோகும். பார்த்த மாத்திரத்தில் தவறு தெரியும். நிரல் ஊகித்து நிரப்பிய படமோ மிகத் தெளிவாக இருக்கும். தவறுக்கு உரிய தோற்றம் அதில் எங்கும் இராது. அணைச் சுவரின் மெல்லிய விரிசலை 'சிராய்ப்பு' என்று எண்ணி வழவழப்பாக்கும் நிரலையும், எழுத்து மங்கிய கல்வெட்டில் எழுத்தைப் போன்ற ஏதோ ஒன்றை நிரப்பும் நிரலையும் பார்வையால் கண்டுகொள்ள வழியில்லை. பதிவுக்காக எடுக்கும் படங்களில் இவ்வகை ஏற்பாடுகளுக்கு இடம் தருவது கூடாது என்பதில் இக்கட்டுரையாளருக்கு ஐயம் இல்லை.

ஊழியர்கள் செய்யத் தக்கவை

புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் அழகுபடுத்துதல், காட்சியைச் சீராக்குதல் என்னும் பொருள்படும் ஏற்பாடுகளைத் தேடி நிறுத்திவிடலாம். கைமுறை என்றோ தேர்ந்தவர் முறை என்றோ பெயருள்ள பகுதி இருந்தால், அதில் வெண்மை நிர்ணயத்தைச் சூரியன் அடையாளத்தில், அதாவது சுமார் 5500 கெல்வினில், நிலைநிறுத்தலாம். அத்தகைய பகுதி இல்லாத கைப்பேசிகளிலும், திரையில் முக்கியமான பொருளின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்தி வைத்தால் பெரும்பாலும் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பின்னர் விரலை மேலும் கீழும் நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். சுண்ணாம்புச் சுவரின் முன் நிற்கும் குழந்தைக்கு இந்த ஓர் அசைவே போதும்.

இலை, மண், தோல், பூச்சி எதுவானாலும் சட்டத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளும் ஓர் அளவுகோலும் இருக்கட்டும். காமிரா நிறத்தை எவ்வளவு மாற்றியிருக்கிறது என்பதை அந்தத் தாளே பின்னர் காட்டிக்கொடுக்கும்.

எடுத்த மூலப் படத்தை அழிக்கலாகாது. வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. படத்தினுள் எழுதப்பட்டிருந்த நாள், இடம் முதலிய குறிப்புகளும் நீங்கிவிடுகின்றன. ஆவணமாக இணைத்து அனுப்பினால் இக்குறை இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது அதன் 'ஹாஷ்' எண்ணையும் குறித்த சான்றிதழ் வேண்டும் என்கிறது. கோப்பு முழுவதையும் கணக்கிட்டுப் பெறும் இவ்வெண், படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். இது கோப்பு பின்னர் மாற்றப்படவில்லை என்பதைக் காட்டுமேயன்றி, படம் எடுக்கும் கணத்திலேயே காமிரா செய்த மாற்றத்தைக் காட்டாது.

ஆசிரியர்களுக்கு மற்றொரு சோதனையைக் கூறலாம். பள்ளியின் மாடியிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தொலைவில் தெரியும் நிலையான பொருள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோபுரமோ நீர்த்தேக்கத் தொட்டியோ மலை முகடோ எதுவாகவும் இருக்கலாம். கைப்பிடிச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஓர் அடையாளமிட்டு, கைப்பேசியை அவ்விடத்திலேயே வைத்து, நாள்தோறும் காலை 8 மணிக்கு இரண்டு படங்கள் எடுக்கவேண்டும். ஒன்று எல்லாவற்றையும் காமிராவிடமே விட்டு எடுத்தது. மற்றொன்று வெண்மை, வெளிச்சம், ஷட்டர் ஆகிய மூன்றையும் முதல் நாள் அமைத்தபடியே மாற்றாமல் எடுத்தது. அன்றன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் காற்றுத் தரக் குறியீட்டில் அருகிலுள்ள நிலையத்தின் எண்ணை மாணவர்கள் பதிவேட்டில் எழுதிவரட்டும். டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கினால், பொங்கல் விடுமுறைக்குள் விடுமுறை நாட்கள் போக இருபதுக்கு மேற்பட்ட இணைகள் சேர்ந்துவிடும். அவற்றைச் சுவரில் இரு வரிசைகளாக ஒட்டி, எவ்வரிசை பதிவேட்டு எண்களோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்க்கலாம்.